சிறு வேடங்களில் ஒரு பெருவாழ்வு: ஹாரி டீன் ஸ்டாண்டன்

"முப்பது ஆண்டுகள் துணை வேடங்களில் நடித்து, ஐம்பத்தேழு வயதில் கதாநாயகனாகிய ஹாரி டீன் ஸ்டாண்டன், அதன் பின்னும் சிறு வேடங்களுக்கே திரும்பியது தோல்வி அல்லவா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். அவர் 'திரும்பினார்' என்பதையே நான் ஏற்கவில்லை. நாயகனாக நடித்தபோதும் அவர் செய்தது பழைய வேலையைத்தான்.

1926இல் கென்டக்கி மாநிலத்தில் பிறந்த ஸ்டாண்டன், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றில் சமையற்காரராக இருந்து, ஒகினாவா போரை நேரில் கண்டவர். ஐம்பதுகளில் ஹாலிவுட்டுக்கு வந்து, கவ்பாய் படங்களிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் அடியாள், கைதி என்று கிடைத்ததையெல்லாம் நடித்தார்.

1979இல் வெளிவந்த 'ஏலியன்' படத்தில் அவர் விண்கலத்தின் பழுதுபார்ப்பவர்களில் ஒருவர். கூட்டாளி எதைச் சொன்னாலும் "சரி" என்பதற்கு மேல் அதிகம் பேசாத ஆள். பூனையைத் தேடிச் செல்லும்போது, மேலிருந்து சொட்டும் நீருக்கு முகத்தை நிமிர்த்திக் காட்டிச் சற்றே நிற்கிறாரே, கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் வேலைக் களைப்பில் இருக்கும் மனிதன் அப்படித்தான் நிற்பான் என்று நமக்குப் படுவதால்தான், அடுத்த கணம் வேற்றுலக உயிரியால் அவனுக்கு நேர்வது நம்மை உலுக்குகிறது.

விம் வெண்டர்ஸ் இயக்கி, 1984இல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை வென்ற 'பாரிஸ், டெக்சாஸ்' படத்திலும் இதைத்தான் காண்கிறோம். பாலைவனத்திலிருந்து நடந்து வரும் நாயகன் டிராவிஸ் (ஸ்டாண்டன்), படம் தொடங்கி இருபது நிமிடங்களுக்கு மேலாகியும் வாய் திறப்பதில்லை. வேறொரு நடிகராக இருந்தால் அந்த மௌனத்தை ஏதேனும் செய்து நிரப்பியிருப்பார். பின்னர், ஒருபுறம் மட்டுமே தெரியும் கண்ணாடிக்கு இப்பால் அமர்ந்து, தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு, பிரிந்துபோன மனைவியிடம் தங்கள் கதையையே யாரோ இருவருடைய கதைபோலச் சொல்லும்போது, அவர் குரல் பெரிதாக உயர்வதில்லை.

ஸ்டாண்டனோ, இன்னொரு துணை நடிகரான எம். எம்மெட் வால்ஷோ துணை வேடத்தில் இருக்கும் எந்தப் படமும் முற்றிலும் மோசமாக இருக்க முடியாது என்று விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு விதியே வகுத்தார். விதிக்கு விலக்கு உண்டு என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டது வேறு கதை. இயக்குநர் டேவிட் லிஞ்சின் 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'யில், புல்வெட்டும் வண்டியிலேயே நெடுந்தூரம் வந்த நாயகனை, கடைசிச் சில நிமிடங்களில் மட்டும் தோன்றும் உடன்பிறந்தவராக வரவேற்கிறார் ஸ்டாண்டன். இவ்வளவு தூரமும் இதிலேயா வந்தாய் என்று கேட்டுவிட்டுக் கண்கலங்குகிறார். படம் முழுவதும் நாம் காத்திருந்தது அதற்காகத்தான்.

அவர் 2017 செப்டம்பரில், 91ஆம் வயதில் மறைந்த இரு வாரங்களில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'லக்கி'யில், அவரே நாயகன். 'ஏலியன்' படத்தில் விண்கலத் தலைவராக நடித்த டாம் ஸ்கெரிட், இதில் ஒரு முன்னாள் போர்வீரராக உணவகத்தில் அவருடன் அமர்ந்து போர் நினைவுகளைப் பகிர்கிறார். அந்தக் காட்சியில் பெரும்பாலும் பேசுபவர் ஸ்கெரிட்தான். படத்தின் நாயகன் கேட்டுக்கொண்டிருக்கிறார்.