கேட்டவர் ஏன் கேட்டார்?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

இணைய விவாதங்கள் பண்பட விதிகள் வேண்டுமா, நல்லெண்ணம் வேண்டுமா என்பது தலைப்பு. நல்லெண்ணமே என்று வழக்காட வந்திருக்கிறேன்.

நன்னூல் என்ற இலக்கண நூல் எழுவகை மதங்களை, அதாவது கருத்தை எடுத்துரைக்கும் ஏழு முறைகளைச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று, 'பிறர்தம் மதமேற்கொண்டு களைவு'. அடுத்தவர் கருத்தை முதலில் ஏற்று நின்று, பிறகு மறுப்பது. அப்படியே தொடங்குகிறேன். எதிரணித் தலைவர் சொன்னதன் சாரம் இது: முகம் தெரியாத இடத்தில் மனசாட்சியை நம்பிப் பயனில்லை, கெட்ட சொல்லை நீக்க வேண்டும், மீறுபவரைத் தடுக்க வேண்டும், எல்லோரையும் உண்மைப் பெயரில் எழுத வைக்க வேண்டும், இல்லையென்றால் வாய் வலுத்தவன்தான் மிஞ்சுவான். ஐயா, உங்கள் வாதத்தைச் சிதைக்காமல் சொல்லியிருக்கிறேன் என்று நம்புகிறேன். இதில் ஒரு பகுதியை நான் மறுக்கவே மாட்டேன். கொலை மிரட்டல் விடுப்பவனிடமும், ஒரு பெண்ணின் வீட்டு முகவரியைப் பொதுவில் போடுபவனிடமும் நல்லெண்ணம் பேசிக்கொண்டிருக்க முடியாது. அங்கே விதி வேண்டும், சட்டமும் வேண்டும்.

ஆனால் உண்மைப் பெயர் வந்தால் ஒழுங்கு வந்துவிடும் என்றாரே, அதைத் தென்கொரியா செய்து பார்த்துவிட்டது. 2007இல், பார்வையாளர்கள் மிகுதியாக வரும் பெரிய தளங்களில் எழுதுபவர் தம் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தது. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அதை ஒருமனதாகச் செல்லாது என்றது. சட்டவிரோதமான பதிவுகள் குறிப்பிடும்படி குறைந்ததாகத் தெரியவில்லை என்பது நீதிமன்றம் சொன்ன காரணங்களில் ஒன்று. பெயரைத் தெரிந்துகொண்டதால் எழுதுபவரின் எண்ணம் மாறிவிடவில்லை.

கற்பனையாக ஒரு காட்சியைச் சொல்கிறேன். இதன் சாயலைப் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டார். இளம் தாய் ஒருவர் இரவில் எழுதுகிறார்: "நான்கு மாதக் குழந்தை. வெயிலாக இருக்கிறதே என்று தண்ணீர் கொடுத்தேன். தவறா?" முதல் பதில் வருகிறது: "தாங்கள் குழந்தை பெறுவதற்கு முன் சற்றுப் படித்திருக்கலாம்." இதில் கெட்ட சொல் ஒன்றுகூட இல்லை, நடுவர் அவர்களே. 'தாங்கள்' என்ற மரியாதைகூட இருக்கிறது. எந்த விதி இதைப் பிடிக்கும்? அந்தத் தாய் கேள்வியை அழித்துவிட்டுப் போய்விடுகிறார். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த ஒரு வரிதான் அவருக்குத் தேவைப்பட்டது. அது அவரைச் சேரவேயில்லை. இந்த இழப்பு என்னை உண்மையிலேயே கோபப்படுத்துகிறது. பயத்தில் கேட்கிறார் என்று ஒரு நொடி நினைத்திருந்தால் அந்தப் பதிலை எழுதக் கை வந்திருக்காது.

உளவியலாளர் ஜான் சூலர் 2004இல் எழுதிய கட்டுரையில், இணையத்தில் மனிதர்கள் கட்டவிழ்ந்து போவதற்கு ஆறு காரணங்களைச் சொன்னார். பெயர் மறைந்திருப்பது அவற்றில் ஒன்று மட்டுமே. இன்னொன்றைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்: எழுத்தை மட்டும் படிக்கும்போது எதிரில் இருப்பவரின் குரலை நாமே நம் மனத்துக்குள் உருவாக்கிக்கொள்கிறோம். 'இதற்கு என்ன ஆதாரம்?' என்று ஒருவர் எழுதினால், அது ஏளனமா ஆவலா என்பது பல நேரம் படிப்பவரின் மனநிலையில் முடிவாகிவிடுகிறது. சண்டை பதில் எழுதும்போது தொடங்குவதில்லை, படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது. படிப்பவரின் மனத்துக்குள் எந்த விதியும் நுழைய முடியாது.

'அப்படியானால் ஏமாளியாக இருக்கச் சொல்கிறீர்களா?' என்று எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கேட்டார். நல்ல கேள்வி. பணிவாகவே ஆதாரம் கேட்டு, கொடுத்ததைப் படிக்காமல் மறுபடியும் அதையே கேட்டு, எதிராளியைச் சோர வைப்பவர்கள் உண்டு. விக்கிப்பீடியா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பிறர் நல்லெண்ணத்தோடுதான் எழுதுகிறார் என்று எடுத்துக்கொள்ளச் சொல்லும் அதே வழிகாட்டுதல், மாறான சான்று தெளிவாக இருக்கும்போதும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை என்கிறது. முதல் நம்பிக்கையைக் கடனாகக் கொடுக்கிறோம். திருப்பித் தராதவருக்கு மேலும் மேலும் கொடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. முதல் பதிலிலேயே கொடுக்க மறுப்பதைத்தான் எதிர்க்கிறேன்.

இறுதியாக ஒன்று. எதிரணி இவ்வளவு நம்பும் விதிகளை நடைமுறைப்படுத்துவது யார்? ஒரு பதிவின் மீது புகார் வந்ததும் நிர்வாகி என்ன பார்க்கிறார்? எழுதியவர் அறியாமல் எழுதினாரா, வேண்டுமென்றே எழுதினாரா, புகார் கொடுத்தவர் நேர்மையாகக் கொடுத்தாரா, வாயடைக்கக் கொடுத்தாரா என்று எடைபோடுகிறார். புகார்ப் பொத்தானையே ஆயுதமாக்கி, பிடிக்காதவரைக் கூட்டமாகச் சேர்ந்து வெளியேற்றுவதும் நடக்கிறது. விதிகள் அங்கே அப்படியே இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துகிறவர்களிடம் நல்லெண்ணம்தான் இல்லை. எதிரணியின் விதிகள் வேலை செய்வதற்கே எங்கள் அணியின் நல்லெண்ணம் வேண்டியிருக்கிறது. அதைக் கணக்கில் கொண்டு தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். வணக்கம்.