ஓசியில் தங்கியவர் எழுதினால் என்ன?

எல்லோருக்கும் வணக்கம். பயணக் கட்டுரைகளை எந்த அளவுக்கு நம்பலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். லண்டன் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

லண்டனில் டல்விச் என்று ஒரு பகுதி. அங்கே தோட்டத்துக் கொட்டகை ஒன்றில் குடியிருந்தவர் ஊபா பட்லர். போயே பார்க்காத உணவகங்களைப் புகழ்ந்து எழுத, ஒரு விமர்சனத்துக்கு 10 பவுண்டு வாங்கியவர். 2017-இல் தன் கொட்டகையையே ஓர் உணவகம் என்று ட்ரிப்அட்வைசரில் பதிந்தார். ஹோட்டல்களையும் உணவகங்களையும் பற்றிப் போய் வந்தவர்கள் விமர்சனம் எழுத, அவற்றை வரிசைப்படுத்திக் காட்டும் இணையதளம் அது. தெருப் பெயர் மட்டும் கொடுத்தார். முன்பதிவு இல்லாமல் வர முடியாது என்றார். படங்களில் தட்டின்மேல் தெரிந்த நுரை, சவர நுரை. ஒரு தட்டில் இருந்தது அவருடைய குதிகால்! தெரிந்தவர்கள் விமர்சனம் எழுதிக் கொடுத்தார்கள். 18,149-ஆவது இடத்தில் தொடங்கிய கொட்டகை, அதே ஆண்டு நவம்பரில் லண்டனிலேயே முதலிடம். அதுவரை அங்கே ஒருவர்கூடச் சாப்பிட்டதில்லை.

சிரிக்கிறீர்கள். ஆனால் இந்த மாதிரி பச்சைப் பொய் எனக்குப் பெரிய கவலை இல்லை. என்றைக்காவது ஒருநாள் வெளியே வந்துவிடும். பொய்யே சொல்லாத கட்டுரைதான் சிக்கல்.

ஒரு ரிசார்ட்காரர் எழுத்தாளரை அழைக்கிறார். இரண்டு நாள் தங்கல், சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம். எழுத்தாளர் நேர்மையானவர்தான். பார்த்ததைத்தான் எழுதுகிறார். ஆனால் அவருக்குக் கொடுத்தது மலையைப் பார்த்த அறை. உங்களுக்குக் கிடைப்பது ஜெனரேட்டரைப் பார்த்த அறை. அவர் கேட்டதும் தோசை வருகிறது, முதலாளியே பக்கத்தில் நிற்கிறார். தீபாவளி விடுமுறையில் குழந்தைகளோடு போகிற உங்களுக்கு அந்தத் தோசை எப்போது வரும்? அவர் பொய் சொல்லவில்லை. அவர் போன இடமும் நீங்கள் போகிற இடமும் வேறு, அவ்வளவுதான்.

இதற்கு நம் நாட்டில் விதி இல்லாமல் இல்லை. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில், பணம் மட்டுமல்ல, இலவசப் பயணமும் ஹோட்டல் தங்கலும்கூட வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டியவை என்று இருக்கிறது. இணைய விமர்சனங்களுக்கென்று 2022-இல் ஐஎஸ் 19000 என்ற தர விதியும் வந்தது. அதைப் பின்பற்றுவது நிறுவனங்களின் விருப்பம் என்று விட்டுவிட்டார்கள். பெரிய பயன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் கமிஷன். கட்டுரையில் உள்ள இணைப்பைத் தட்டி அறை போட்டால் எழுதியவருக்கு ஒரு பங்கு போகும். தப்பில்லை. ஆனால் "பத்து சிறந்த ஹோட்டல்கள்" பட்டியலில், பத்துக்கும் அறை போடும் இணைப்பு இருந்து, ஒன்றில்கூட ஒரு குறை சொல்லப்படவில்லை என்றால் நான் மூடிவிடுவேன்.

எழுதியவர் உண்மையில் போனாரா என்பதைப் பார்க்க, அலங்காரத்தை விட்டுவிட்டுத் தொல்லைகளைத் தேடுங்கள். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக 2024 மே மாதம் முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டு, வேண்டும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவு. போன மாதம் சொந்தக் காரில் ஊட்டி போனேன் என்று எழுதுகிறவர் பனியையும் தேநீரையும் வர்ணித்து, இ-பாஸ் பற்றி வாயே திறக்காவிட்டால் எனக்குச் சந்தேகம் வரும். குற்றாலத்தில் அருவி கொட்டுகிறது என்கிறாரா? எந்த மாதம் என்று பாருங்கள். ஜூலையில் பார்த்ததைத் தேதி போடாமல் எழுதிவைத்தால், ஏப்ரலில் போகிறவர் பாறையைத்தான் பார்ப்பார்.

விமர்சனங்களில் ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் தாண்டி நடுவில் இருப்பவற்றைப் படியுங்கள். "அறை சுத்தம், ஆனால் இரவு முழுக்க லாரி சத்தம்" என்று எழுதுகிறவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. அதேபோல, "என்னை இலவசமாகத்தான் கூப்பிட்டார்கள், குளியலறையில் வெந்நீர் வரவில்லை" என்று எழுதுகிற அந்த ஓசி விருந்தாளியையும் நான் நம்புவேன். கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.