கையைக் கழுவிவிட்டு வாம்மா

நேயர்களுக்கு வணக்கம். வங்கி கவுன்ட்டரில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவள் நான். அங்கே உட்கார்ந்தால் ஆளின் முகம் அப்புறம்தான், முதலில் தெரிவது பாஸ்புக்கை நீட்டுகிற கை. அதைப் பார்த்தே ஆள் யார் என்று முடிவு கட்டிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமக் கிளையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான் வெளியூர்க்காரி. பண்ருட்டி என்றால் பலாப்பழம், அவ்வளவுதான் தெரியும். ஒரு திங்கட்கிழமை, நல்ல கூட்டம். ஐம்பது வயதிருக்கும், ஓர் அம்மா பணம் எடுக்கும் சீட்டை நீட்டினார். விரலெல்லாம் கறுப்பு, நகக்கண்வரை கறுப்பு. சீட்டு அழுக்காகிவிடும் என்று எனக்குக் கோபம். "கையைக் கழுவிவிட்டு வாம்மா" என்றேன். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் சொன்னேன், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் ஒன்றும் பேசாமல் வெளியே குழாயடிக்குப் போனார். திரும்பி வந்தபோது கை ஈரமாக இருந்தது, கறுப்பு அப்படியே இருந்தது. "சோப்புப் போட்டுக் கழுவு" என்றேன். மறுபடியும் போனார். வரிசையில் நின்ற ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. மூன்றாம் தடவை வந்தபோதுதான் சொன்னார்: "இது போவாதும்மா. முந்திரி."

வெட்கமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். அப்போது எனக்கு அது புரியவே இல்லை. முந்திரி என்றால் பாயசத்தில் போடுகிற வெள்ளைப் பருப்பு, அதற்கும் கறுப்புக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யோசித்தேன். பக்கத்து இருக்கையில் வேலை பார்த்தவர்தான் விளக்கினார். கொட்டையின் ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது, உடைக்கும்போது தெறிக்கும், பட்ட இடம் பொசுங்கும். விரலில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் தோல் உரியும். பெயிண்ட், வண்டிகளின் பிரேக் லைனிங் எல்லாவற்றுக்கும் அந்த எண்ணெயை வாங்கிப் போகிறார்கள் என்றால் அது எப்படிப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூலி கிலோக் கணக்கில்.

அப்புறம் மைப்பெட்டியில் அந்த அம்மாவின் பெருவிரலை நானே பிடித்து வைத்து, சீட்டில் அழுத்தினேன். ரேகையே இல்லை. ஒரு கறுப்புப் பொட்டு, அவ்வளவுதான். மேனேஜர் வந்து, போட்டோவைப் பார்த்து, தெரிந்தவர் ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கித்தான் பணம் கொடுத்தோம். விரலில் ஒட்டிய மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு போனார். எல்லோரும் அப்படித்தான் துடைப்பார்கள், இல்லையென்றால் எங்கள் சுவரில். அந்தச் சுவரைப் பார்த்து முணுமுணுக்காத நாள் கிடையாது. துடைக்க ஒரு துணி வைக்க வேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த மாதிரி ஆட்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் கைநாட்டு கேஸ். சிரிப்போம்.

சரி, அன்றோடு நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்தது, கடலூர்ப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அதற்கு அடுத்த கோடையில் ஒருவர் நகைக் கடனுக்கு வந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, விபூதி, நல்ல மிடுக்கு. இவருக்கு என்ன குறைச்சல் என்று பக்கத்தில் கிசுகிசுத்தேன். பிறகு பேச்சு வாக்கில்தான் தெரிந்தது, தோப்பில் நின்ற மரம் மொத்தமும் போய்விட்டது. புதுக் கன்று வைத்துக் காய்ப்புக்கு வரும்வரை மனைவியின் சங்கிலியும் தோடும்தான் குடும்பத்தை ஓட்ட வேண்டும். "பேங்குக்கு வர்றதுன்னா இந்த வேட்டியத்தானே கட்டணும்" என்றார். இருந்தது அந்த ஒன்றுதான் போலிருக்கிறது. கறுப்புக் கையைப் பார்த்து ஒரு தடவை ஏமாந்தேன், வெள்ளை வேட்டியைப் பார்த்து இன்னொரு தடவை.

இப்போது என் வேலையை மெஷின் செய்கிறது. ரேஷன் கடையில் விரலை வைத்தால் பொருந்தவில்லை என்கிறது. கொத்தனார், சித்தாள், பாத்திரம் தேய்க்கிறவர், எல்லோருக்கும் ரேகை தேய்ந்திருக்கிறது. மறுபடி வை, துடைத்துவிட்டு வை என்று கடைக்காரர் சொல்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழாயடி ஞாபகம் வருகிறது. சில இடங்களில் கருவிழியைப் பார்க்கிற கருவி வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் பின்னால் வரிசையில் நிற்கிற நாம் இருக்கிறோமே, உச்சுக்கொட்டுகிறவர்கள், நம்மைப் பற்றித்தான் நிறையப் பேச நினைத்து வந்தேன். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்களின் பாதத்தைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கையைக் காட்டுகிறார், நேரமாகிவிட்டதாம். இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.