ஒரு தலைமுறை பிந்தி வரும் பாதுகாப்பு: தொழில்முறை ஐஸ் ஹொக்கியின் இன்றைய நிலை

(ஸ்காபரோவில் தமிழ்க் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, பெரியோர்களே, இளைய நண்பர்களே,

தொழில்முறை ஐஸ் ஹொக்கியின் இன்றைய நிலை பற்றியும் அதைச் சீர்செய்யும் வழி பற்றியும் பேசுமாறு கேட்டிருக்கிறீர்கள். இந்த நகரத்தில் அப்பேச்சை எடுத்தாலே, ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் அணி 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கிண்ணத்தைத் தொடவில்லையே என்ற புலம்பலில் போய்த்தான் முடியும். 1993இல் மொன்றியல் வென்ற பின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கனடாவின் எந்த அணிக்கும் அது கிட்டவில்லை. எட்மன்ரன் 2024இலும் 2025இலும் இறுதிச் சுற்று வரை சென்று இரண்டு முறையும் புளோரிடாவிடம் தோற்றது. மனம் நோகத்தான் செய்கிறது. ஆனால் கிண்ணம் எந்த ஊருக்குப் போகிறது என்பதை வைத்து ஒரு விளையாட்டின் நலத்தை அளக்க முடியாது என்பதால் அந்தப் புலம்பலை இன்றைக்கு ஒதுக்கி வைக்கிறேன்.

பணக் கணக்கைப் பார்த்தால், அந்தக் கிண்ணத்துக்காக அணிகள் மோதும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். நன்றாகவே இருக்கிறது. கதவடைப்பால் ஒரு பருவம் முழுவதும் ரத்தான பின், 2005இல் ஓர் அணிக்கான சம்பள உச்சவரம்பு 39 மில்லியன் அமெரிக்க டொலராக வகுக்கப்பட்டது. 2025–26இல் அது 95.5 மில்லியன். கனடாவில் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமைக்கு 2013இல் றொஜர்ஸ் நிறுவனம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு 5.2 பில்லியன் கனேடிய டொலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. 2025இல் அதே பன்னிரண்டு ஆண்டு காலத்துக்கு 11 பில்லியனுக்குப் புதிய ஒப்பந்தம் செய்தது. ஆகவே வசதி போதாது என்ற சாக்கு இனிச் செல்லாது. இந்த லீக்கின் மீது எனக்குள்ள குறை வேறு. தீங்கு எதனால் வருகிறது, அதற்கு மருந்து என்ன என்று நன்றாகத் தெரிந்த பிறகும், அந்த மருந்தை அது ஒரு தலைமுறை பிந்தியே எடுத்துக்கொள்கிறது.

1959 நவம்பர் 1ஆம் திகதி நியூயோர்க்கில் நடந்த ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். நியூயோர்க் அணியின் அன்டி பாத்கேற் அடித்த வட்டு (ஐஸ் ஹொக்கியில் பந்துக்குப் பதிலாக அடிப்பது) மொன்றியல் அணியின் கோல்காப்பாளர் ஷாக் பிளாந்தின் முகத்தைக் கிழித்தது. உள்ளே கொண்டுபோய்த் தையல் போட்டார்கள். பயிற்சியின்போது தாம் அணிந்துவந்த முகமூடியை அணிய விட்டால்தான் திரும்பவும் களமிறங்குவேன் என்றார் அவர். பயிற்றுநர் ரோ பிளேக்குக்கு அது அறவே பிடிக்கவில்லை. முகமூடி போட்டால் கோல்காப்பாளரின் பார்வை குறையும் என்பதும், துணிவு போய்விட்டதென்று ஆகும் என்பதும் அன்றைய எண்ணம். ஆயினும் பதிலுக்கு நிறுத்த வேறு ஆள் இல்லாததால் பிளேக் இணங்கினார். அன்று மொன்றியல் 3–1 என வென்றது. அதற்குப் பின்னும் பல ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. பார்வை குறையும் என்ற வாதம் அங்கேயே பொய்த்துப் போயிருக்க வேண்டும். ஆனால் வெறும் முகத்தோடு ஆடிய கடைசி கோல்காப்பாளர் என்.எச்.எல்.லை விட்டுப் போனது 1974இல்தான்.

தலைக்கவசத்தின் கதை இதைவிட மோசமானது. 1968 ஜனவரியில் மினசோட்டா அணியின் பில் மாஸ்ரர்ரன் மோதுண்டு பின்புறமாக விழுந்தார். தலை பனித்தளத்தில் அடிபட்டு இரண்டு நாளில் இறந்தார். தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது 1979இல். அதுவும் புதிதாக வருபவர்களுக்கு மட்டுமே. ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்தவர்கள் விரும்பினால் வெறுந்தலையோடு ஆடலாம் என விலக்களிக்கப்பட்டது. அந்த விலக்கைப் பயன்படுத்திய கடைசி ஆட்டக்காரரான கிறெய்க் மக்ராவிஷ் 1997 வரை ஆடினார். முகத்தின் மேற்பாதியை மறைக்கும் கண்ணாடிக் கவசத்துக்கும் 2013இல் இதே ஏற்பாடுதான்: புதியவர்களுக்குக் கட்டாயம், பழையவர்களுக்கு விருப்பம்.

இப்போது கழுத்துக்கு வருவோம். 1989 மார்ச்சில் பஃபலோ நகரில், கோல் முன் நடந்த நெரிசலில் ஒருவருடைய சறுக்குக் காலணியின் அலகு கிளின்ற் மலார்ச்சுக் என்ற கோல்காப்பாளரின் கழுத்து இரத்தக் குழாயை வெட்டியது. வியட்நாம் போரில் பணியாற்றிய அணி உதவியாளர் ஒருவர் ஓடிவந்து குழாயைக் கையால் இறுகப் பிடித்துக்கொண்டதால்தான் அவர் உயிர் பிழைத்தார். 2008இல் அதே பஃபலோவில் புளோரிடா அணியின் ரிச்சர்ட் செட்னிக்கின் கழுத்தை அவருடைய சக வீரரின் காலணியே வெட்டியது, அவரும் பிழைத்தார். 2023 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் அடம் ஜோன்சன் பிழைக்கவில்லை. பிற்ஸ்பேர்க் அணிக்காக என்.எச்.எல்.லிலும் ஆடியவர் அவர். இரண்டு மாதம் கழித்து, 2024 ஜனவரியில் அந்நாட்டின் முதன்மை லீக் கழுத்துக் கவசத்தை அனைவருக்கும் கட்டாயமாக்கியது. சர்வதேச ஐஸ் ஹொக்கிச் சம்மேளனமும் தன் போட்டிகளுக்கு அவ்வாறே முடிவெடுத்தது.

என்.எச்.எல். என்ன செய்தது? வீரர் சங்கத்தோடு 2025இல் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில், 2026–27 பருவம் முதல் புதிதாக லீக்கில் நுழைபவர்கள் மட்டும் கழுத்துக் கவசம் அணிய வேண்டும் என்று எழுதியது. ஒரு வீரர் இருபது ஆண்டுகள் ஆடுவதும் உண்டு என்பதால், கழுத்தை மூடாத கடைசி வீரர் 2040களில்கூட ஆடிக்கொண்டிருக்கலாம். இதில் முதலாளிகளை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. பழக்கமில்லாத பட்டி கழுத்தை உறுத்துகிறது, வியர்க்கிறது என்று மறுப்பவர்கள் வீரர்களேதான்; தன் உறுப்பினரின் விருப்பத்தைக் காப்பதுதான் கடமை என்று சங்கமும் நினைக்கிறது. அதே ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 82 ஆட்டங்கள் 84 ஆகக் கூட்டப்பட்டன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கூடுதலாக ஆடவும் கூடுதலாக உழைக்கவும் எல்லோருக்கும் ஒரே தேதி, பாதுகாப்புக்கு மட்டும் ஆளுக்கொரு தேதி. அந்த ஒப்பந்தம் 2030இல் முடிகிறது. அதற்குள் விலக்கை நீக்கி, ஒரு பருவத்தை முன்கூட்டியே குறித்து அனைவருக்கும் ஒரே நாளில் கட்டாயமாக்குவதே நேர்மையான வழி.

கைச்சண்டையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. தொழில்முறை விளையாட்டுகளில், இருவர் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு முகத்தில் குத்திக்கொண்டால் ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைத்துவிட்டு மீண்டும் ஆட விடுவது மிக அரிது; இங்கே அது வழக்கம். அடியாள் வேலைக்கென்றே ஆள் எடுத்த காலமும் இருந்தது. டெரெக் பூகார்ட் அப்படி எடுக்கப்பட்டவர். 277 ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் மூன்று. 2011 மே மாதத்தில், 28 வயதில், வலிநிவாரணி மாத்திரையும் மதுவும் சேர்ந்து அவர் உயிரை வாங்கின. தலையில் திரும்பத் திரும்பப் படும் அடியால் உண்டாகும் மூளைச் சிதைவு நோய் அவருக்கு இருந்ததைப் பொஸ்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்னர் கண்டறிந்தனர். தலைக்காயம் தொடர்பாக முன்னாள் வீரர்கள் லீக்கின் மீது தொடுத்த வழக்கு 2018இல் ஏறத்தாழ 19 மில்லியன் டொலருடன் முடிக்கப்பட்டது. லீக் தன் பொறுப்பை ஏற்கவில்லை. இதே வகை வழக்கில் அமெரிக்கன் ஃபுட்போல் லீக்கான என்.எஃப்.எல். ஒரு பில்லியன் டொலர் அளவில் கொடுக்க ஒப்புக்கொண்டதை நினைத்தால், இந்தத் தொகையின் சிறுமை விளங்கும்.

சண்டை இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பார்கள். 2025 பெப்ரவரியில் நடந்த நான்கு நாடுகள் போட்டியில், மொன்றியலில் அமெரிக்காவும் கனடாவும் மோதிய ஆட்டத்தின் முதல் ஒன்பது விநாடியில் மூன்று சண்டைகள் நடந்தன. உலகமே அதைப் பேசியது. ஐந்து நாள் கழித்து அதே இரு அணிகளும் பொஸ்ரனில் இறுதியாட்டம் ஆடின. அதில் குத்துச்சண்டை இல்லை. கூடுதல் நேரத்தில் கொனர் மக்டேவிட் போட்ட கோலில் கனடா 3–2 என வென்றது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் முந்தியதைவிட இந்த ஆட்டத்தையே இரு மடங்குக்கு மேலானோர் பார்த்தனர். சண்டை போட்டவரை ஆட்டத்திலிருந்தே வெளியேற்றும் விதியைக் கியூபெக் இளையோர் லீக் 2023இலேயே கொண்டுவந்துவிட்டது. மூத்தவர்கள் இளையவர்களிடம் கற்றுக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

புள்ளி முறையையும் ஒரு வார்த்தையில் தொட்டுச் செல்கிறேன். வென்றவருக்கு இரண்டு புள்ளி கிடைப்பதோடு, கூடுதல் நேரத்தில் தோற்றவருக்கும் ஒரு புள்ளி கிடைப்பதால் சில ஆட்டங்கள் இரண்டு புள்ளிக்கும் சில ஆட்டங்கள் மூன்று புள்ளிக்கும் நடக்கின்றன; ஐரோப்பாவில் செய்வதுபோல எல்லா ஆட்டத்தையும் மூன்று புள்ளிக்கு ஆக்கிவிட்டால், கடைசிப் பத்து நிமிடம் சமநிலையைக் காத்துக்கொண்டு சும்மா சறுக்கும் வழக்கம் ஒழியும்.

அணிகளை எங்கே வைப்பது என்பதிலும் அதே பிடிவாதந்தான். வின்னிபெக்கிலிருந்து 1996இல் அரிசோனாவுக்குப் போன அணி 2009இல் திவாலாகியும், கடைசி இரண்டு பருவங்களில் ஐயாயிரம் பேர்கூட நிறைவாக அமர முடியாத பல்கலைக்கழக அரங்கில் ஆடியும், 2024இல்தான் சோல்ற் லேக் சிற்றிக்கு மாற்றப்பட்டது. அதே காலத்தில் கியூபெக் நகரம் 2015இல் பெரிய அரங்கைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தது.

நம்முடைய பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே ஆயிரக்கணக்கான தமிழ்ப் பிள்ளைகள் பிறந்து வளர்கிறார்கள். கூடைப்பந்தும் உதைபந்தும் ஆடுகிறார்கள், ஹொக்கியைத் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். காலணி, கவசம், தடி என்று தலை முதல் கால் வரை வாங்க வேண்டும். வளர வளர மறுபடியும் வாங்க வேண்டும். பனித்தள வாடகை, தொலைதூரப் போட்டிப் பயணம் என்று செலவு நீள்கிறது. இரண்டு வேலை பார்க்கும் தகப்பனால் விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளையைப் பனித்தளத்துக்குக் கூட்டிப்போக முடியாது. ஒரு காலத்தில் நிறம் வாசலை மறித்தது: இந்த நகரத்தில் பிறந்த ஹேர்ப் கார்னகி என்ற கறுப்பின வீரர் எவ்வளவு திறமை காட்டியும் என்.எச்.எல்.லில் ஒருநாளும் ஆடவில்லை. 2022இல், இறந்த பிறகுதான், ஹொக்கிப் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். இன்று பெரும்பாலும் பணமே மறிக்கிறது. அந்த 11 பில்லியனில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, புத்தகம் இரவல் தருவது போல ஸ்கேற்றும் கவசமும் இரவல் தரும் நிலையங்களை நூலகங்களிலும் பள்ளிகளிலும் நடத்தச் சொல்லி அணிகளிடம் கேட்பதில் தவறில்லை.

பெண்கள் ஹொக்கியில் வேகமாக முடிவெடுக்க முடியும் என்பதற்குச் சான்று கிடைத்திருக்கிறது. கனடியப் பெண்கள் லீக் 2019இல் மூடப்பட்டது. முன்னணி வீராங்கனைகள் பலர் அன்றிருந்த மாற்று லீக்கில் ஆட மறுத்து, தொழிலாக நடத்தப்படும் ஒரே லீக் வேண்டும் என்று காத்திருந்தார்கள். அவர்கள் கேட்டது 2024 ஜனவரி 1ஆம் திகதி இதே ரொறன்ரோவில் ஆறு அணிகளோடு தொடங்கியது. அந்த ஏப்ரலில் மொன்றியலில் 21,105 பேர் ஓர் ஆட்டத்தைப் பார்த்தார்கள். இரண்டு பருவம் கழித்து வன்கூவரும் சியாற்றிலும் சேர்ந்தன. முதல் வட்டு போடுமுன்பே வீராங்கனைகளின் சங்கம் கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தது. ஆயினும் முதல் பருவத்தின் குறைந்தபட்சச் சம்பளம் 35,000 அமெரிக்க டொலர்தான். ரொறன்ரோவில் வாடகை கொடுக்கும் உங்களுக்கு அதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த பருவத்துக்குக் குடும்பத்தோடு அரங்குக்குப் போக நினைப்பவர்கள் பெண்கள் ஆட்டத்துக்கும் ஒருமுறை சீட்டு வாங்குங்கள். விலையும் கைக்கு எட்டும், ஆட்டமும் தரமாக இருக்கும்.

நன்றி, வணக்கம்.