பேஸ் கிற்றாருக்குச் சுருதி சேர்த்தல்: ரியூனர் காட்டுவதும் காது கேட்பதும்

[திரையில்: பேஸ் கிற்றாரின் கழுத்து. இரண்டு கம்பிகள் ஒன்றாக மீட்டப்படுகின்றன. ஒலி வம்… வம்… வம்… என்று விம்முகிறது.]

இந்தச் சத்தத்தைக் கேளுங்கள். இயர்போன் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், போன் ஸ்பீக்கரில் பேஸின் அடிச்சுரம் வராது. இரண்டு கம்பியும் கிட்டத்தட்ட ஒரே சுரம்தான். ஆனாலும் ஒலி ஏறி இறங்கி, ஏறி இறங்கி விம்முகிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு இது பழைய சிநேகிதம். சுரமானியையும் இசைக்கவையையும் வைத்துக்கொண்டு ஆய்வுகூடத்தில் எண்ணினோமே, அடிப்பு, அதேதான். மீடிறன் என்றால் விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண். இரண்டு ஒலிகளின் மீடிறன் வித்தியாசம் எவ்வளவோ, விநாடிக்கு அத்தனை அடிப்பு.

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து பேசுகிறேன். பேஸ் பழகத் தொடங்கும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, ரியூனர் இருக்கும்போது காதால் சேர்க்கப் பழக வேண்டுமா?" என்று. கட்டாயம் பழக வேண்டும். சுரத்தை அளந்து காட்டும் கருவியான ரியூனரும் வாங்க வேண்டும். ஆனால் அந்த இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அது எனக்கு விளங்கியது ஒரு நத்தார் இரவில்.

[திரையில்: கடலோரப் பாதை, சைக்கிள், முதுகில் கிற்றார் பை.]

தீவுப்பகுதியில் ஒரு தேவாலயம். பாடகர் குழுவுக்கு பேஸ் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கிளிப் ரியூனரைப் பேஸின் தலையில் மாட்டி நாலு கம்பியையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். நாலுக்கும் சுருதி சரி என்று பச்சை லைற் எரிந்தது. ஒத்திகையில் முதல் பாட்டைத் தொடங்கினோம். இரண்டு வரி போவதற்குள் பாடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். எனக்கும் ஏதோ பிசகு என்று தெரிகிறது, எது என்று தெரியவில்லை. நிறுத்தித் திரும்பவும் ரியூனரைப் பார்த்தேன். பச்சை. திரும்பவும் தொடங்கினோம், திரும்பவும் அதே பிசகு.

பின்வாங்கில் ஓர் அண்ணை இருந்தார், தொண்ணூறுகளில் பேஸ் வாசித்தவர். எழுந்து வந்து, "தம்பி, அந்தப் பச்சை லைற்றை விடு. ஆர்மோனியத்தில ஒரு ஏ பிடிக்கச் சொல்லு" என்றார். என் பேஸை வாங்கி, ஏ என்ற சுரத்துக்குரிய கம்பியில் ஒரு ஹார்மோனிக் எடுத்தார், அதாவது கம்பியை அழுத்தாமல் தொட்டு மட்டும் மணி மாதிரி ஒலிக்க வைத்தார். இதே விம்மல் கேட்டது. திருகை மெல்ல ஏற்றினார். விம்மல் நீண்டு நீண்டு, நின்றது. மற்ற மூன்று கம்பிகளையும் அதிலிருந்து சேர்த்தார். எல்லாம் முடிய இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பாட்டு சுருதியில் வந்து உட்கார்ந்தது.

ஒத்திகையைப் போனில் பதிவு செய்திருந்தேன். வீட்டுக்கு வந்து அளந்து பார்த்தால் அந்தப் பழைய ஆர்மோனியத்தின் ஏ 445 ஹேர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு 445 அதிர்வுக்கு, பக்கத்தில் நிற்கிறது. என் ரியூனர் 440ஐ வைத்து அளந்திருந்தது. ரியூனரில் பிழையே இல்லை. 440 என்பது உலகம் ஒத்துக்கொண்ட ஒரு கணக்கு. 1955இல் சர்வதேசத் தர அமைப்பு அதைப் பரிந்துரைத்தது, 1975இல் ஐ.எஸ்.ஓ. 16 என்ற தரமாக வெளியிட்டது. ஆனால் அந்த ஆர்மோனியத்துக்கு அந்தத் தரம் தெரியாது, அன்றைக்கு நாங்கள் அதனோடுதான் பாட வேண்டியிருந்தது.

அந்த அண்ணைக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். அவர் பழகிய காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் பற்றரி வரத் தடை. கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வருடங்கள் அவை. ரியூனர் ஒன்று கைக்கு வந்திருந்தாலும் அதற்குள் போட எதுவும் கிடைத்திருக்காது. இருந்தது ஓர் இசைக்கவையும் காதும்.

சரி, இப்போது பேஸை எடுங்கள்.

[திரையில்: நாலு கம்பிகள், ஒவ்வொன்றின் பெயரும் மீடிறனும்.]

தடித்த கம்பி ஈ, 41.2 ஹேர்ட்ஸ். அடுத்தது ஏ, 55. பிறகு டி, 73.4. மெல்லியது ஜி, 98. ஐந்து கம்பிப் பேஸ் என்றால் இவற்றுக்கும் கீழே ஒரு பி, 30.9.

இந்த எண்களில்தான் பேஸின் கஷ்டம் ஒளிந்திருக்கிறது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகள்தான் பிரெட். ஒரு பிரெட்டிலிருந்து அடுத்த பிரெட்டுக்குப் போனால் அரைச்சுரம். பாடகியின் குரல் 440இல் இருக்கும்போது அடுத்த அரைச்சுரம் 466. இடையில் 26 ஹேர்ட்ஸ். பேஸின் ஈ கம்பியில் அதே அரைச்சுரம் 41.2இலிருந்து 43.7வரைதான், இரண்டரை ஹேர்ட்ஸ். அரைச்சுரத்தை நூறாகப் பிரித்து ஒரு பங்கை ஒரு சென்ட் என்பார்கள். ஈ கம்பியின் அடிச்சுரம் ஒரு ஹேர்ட்ஸ் பிசகினாலே நாற்பது சென்ட் போய்விடும். விநாடிக்கு ஒரே ஓர் அடிப்பு, கேட்பதற்குச் சாதுவாக இருக்கும், ஆனால் சுருதி பாதி வழி கெட்டிருக்கும். "மெதுவாகத்தானே விம்முகிறது, போதும்" என்று பேஸில் விடுபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

அதனால் பேஸைக் கீழே கேட்டுச் சேர்க்காதீர்கள், மேலே கேட்டுச் சேருங்கள்.

எல்லோருக்கும் முதலில் சொல்லிக் கொடுப்பது ஐந்தாவது பிரெட் முறை. ஈ கம்பியை ஐந்தாவது பிரெட்டில் அழுத்தினால் வருவது ஏ. அதையும் திறந்த ஏ கம்பியையும் ஒன்றாக மீட்டி, ஒன்றாகும்வரை திருகுவது. ஏ கம்பியின் ஐந்தில் டி, டி கம்பியின் ஐந்தில் ஜி. முறை சரியானது. ஆனால் கேட்கிற இடம் 55 ஹேர்ட்ஸ், அங்கே விநாடிக்கு ஓர் அடிப்பு என்றால் 31 சென்ட். அத்தோடு ஒரு கை பிரெட்டில் மாட்டிக்கொள்கிறது. கையை எடுத்துத் திருகைத் தொட்டதும் சுரம் செத்துவிடும்.

[திரையில்: இடக்கை விரல் கம்பியைத் தொடுவது, மிக அருகில்.]

ஹார்மோனிக் முறையில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஈ கம்பியில், ஐந்தாவது பிரெட்டின் உலோகக் கம்பிக்கு நேர் மேலே விரலை வையுங்கள். அழுத்தக் கூடாது, தொட்டால் போதும். மீட்டியவுடன் விரலை எடுத்துவிடுங்கள். மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அது திறந்த கம்பியின் நாலு மடங்கு, 165 ஹேர்ட்ஸுக்குப் பக்கத்தில். இப்போது ஏ கம்பியில் ஏழாவது பிரெட்டுக்கு மேலே அதே மாதிரி. இது மூன்று மடங்கு, 55இன் மூன்று மடங்கு 165. இரண்டு மணியும் ஒரே சுரத்தில். விரலை எடுத்த பிறகும் அவை ஒலித்துக்கொண்டே இருக்கும். கை இரண்டும் சும்மாதான் இருக்கிறது, திருகைப் பிடிக்கலாம்.

இந்த உயரத்தில் விநாடிக்கு ஓர் அடிப்பு என்றால் பத்து சென்ட்தான். முன்பு 31 சென்ட் பிசகில் கேட்ட அதே மெதுவான விம்மல் இப்போது பத்து சென்டிலேயே கேட்கிறது. உங்கள் காது மாறவில்லை, கேட்கிற இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

[திரையில்: ஹார்மோனிக் இரண்டும் ஒலிக்கின்றன. விம்மல் வேகமாக, பிறகு மெதுவாக, பிறகு இல்லை.]

விம்மல் வேகமெடுத்தால் நீங்கள் தவறான பக்கம் திருகுகிறீர்கள். மெதுவானால் சரியான பக்கம். கம்பி ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று காதால் சொல்லத் தெரியாதவரும் இதை வைத்துச் சேர்த்துவிடலாம். எப்போதும் கீழிருந்து மேலே வந்து நிறுத்துங்கள். மேலே போய்விட்டால் நன்றாகத் தளர்த்திவிட்டுத் திரும்ப ஏறி வாருங்கள். இல்லாவிட்டால் திருகின் பற்களிலும் கழுத்து முனையிலும் தங்கியிருக்கும் தளர்வு, நாலு தடவை பலமாக மீட்டியதும் இறங்கிவிடும்.

ஹார்மோனிக் முறையில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. வீணையோ வாய்ப்பாட்டோ படித்தவர்களுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஏழாவது பிரெட் ஹார்மோனிக் கொடுப்பது இயற்கையான பஞ்சமம். தம்புராவில் கேட்கும் பஞ்சமம், மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம். அது 702 சென்ட். ஆனால் கிற்றாரின் பிரெட்டுகளும் கீபோர்ட்டும் ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபங்காக வெட்டியவை. அவற்றின் பஞ்சமம் 700 சென்ட். ஆகவே ஹார்மோனிக்கால் ஒவ்வொரு சோடியைச் சேர்க்கும்போதும் இரண்டு சென்ட் விலகும். ஏ கம்பியிலிருந்து தொடங்கினால் ஈ இரண்டு சென்ட் ஏறி நிற்கும், டி இரண்டு இறங்கும், ஜி நாலு இறங்கும். ஈக்கும் ஜிக்கும் இடையில் மொத்தம் ஆறு.

ஆறு சென்ட் பேஸில் பெரிய குற்றம் இல்லை. ஆனால் கீபோர்ட்டோடு மெதுவான பாட்டு வாசித்தால் நல்ல காதுக்குப் படும். அதனால் கடைசியில் ஸ்தாயி வைத்துச் சரிபாருங்கள். திறந்த ஈயும் டி கம்பியின் இரண்டாவது பிரெட்டும், திறந்த ஏயும் ஜி கம்பியின் இரண்டாவது பிரெட்டும். இரண்டு சோடியும் மேல் ஸ்தாயி, கீழ் ஸ்தாயியாகக் கலந்து நிற்க வேண்டும். நான் எப்போதும் இங்கேதான் முடிப்பேன்.

எந்த ஏயிலிருந்து தொடங்குவது? வீட்டில் சுருதிப் பெட்டி இருந்தால் ஆறு கட்டையில் வையுங்கள். ஆறு கட்டை என்பது ஏ. ஷட்ஜத்தில் ஏ கம்பி, பஞ்சமத்தில் ஈ கம்பி, இரண்டும் அதிலேயே இருக்கின்றன. மத்திமம் வைத்தால் டி. நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து ஒலிக்கக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஓர் ஒலி இன்னோர் ஒலிக்குள் போய் உட்காருவதை இணுவிலிலும் அளவெட்டியிலும் கோயில் வீதியில் நின்ற பிள்ளைக்குப் புதிதாகச் சொல்லித்தரத் தேவையில்லை. அதே காதைத்தான் கொஞ்சம் கீழே இறக்கிக் கேட்கச் சொல்கிறேன்.

[திரையில்: மூன்று ரியூனர்கள். கிளிப், பெடல், போன்.]

இனி ரியூனர். கோயில் வீதியில் மேடை போட்டு, ஒரு பக்கம் ஜெனரேட்டர், ஒரு பக்கம் கீபோர்ட்காரர் சத்தம் பார்க்கிறார், டிரம்ஸ் தட்டிப் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். அங்கே ஹார்மோனிக் கேட்கவே கேட்காது. அந்த இடத்தில் ரியூனர் பெரிய உதவி. கேபிளை நேரே வாங்கும் பெடல் ரியூனர்தான் அப்போது நம்பக்கூடியது, அது கம்பியைத் தவிர வேறு எதையும் கேட்காது. கிளிப் மரத்தின் அதிர்வை வாங்குகிறது, பலத்த ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்றால் அந்த அதிர்வும் மரத்துக்குள் வந்துவிடும். போன் செயலி மைக்கால் கேட்கிறது, அமைதியான அறையில் மட்டும் பாவியுங்கள்.

ஈ கம்பியை மீட்டினால் ரியூனர் தடுமாறுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈ என்று காட்டும், திடீரென்று பி என்று காட்டும், பிறகு வெறுமையாகிவிடும். காரணம் இருக்கிறது. ஈ கம்பியின் ஓர் அதிர்வு முடிய 24 மில்லிவிநாடி வேண்டும், சில அதிர்வுகளையாவது பார்க்காமல் ரியூனரால் கணக்குப் போட முடியாது. அதற்கிடையில் தடித்த கம்பியின் மேற்றொனிகள் அடிச்சுரத்தைவிடப் பலமாக ஒலிக்கின்றன. அந்தப் பி, மூன்றாவது மடங்கு.

அதற்கு உதவி செய்யுங்கள். டோன் திருகை முழுதாகக் குறையுங்கள். பன்னிரண்டாவது பிரெட்டில் ஹார்மோனிக் எடுங்கள், அது நேர் இரண்டு மடங்கு, முள் உடனே நிற்கும். மற்றக் கம்பிகளைக் கையால் மூடுங்கள். பெருவிரலால் மெதுவாக மீட்டுங்கள். பலமாக மீட்டினால் கம்பி இழுபட்டுச் சுரம் முதலில் ஏறி, பிறகு இறங்கி வரும். மீட்டிய கணத்தில் பார்க்காதீர்கள், ஒரு விநாடி விட்டுப் பாருங்கள்.

நம்முடைய வெயிலையும் மறக்கக் கூடாது. பின்னேரம் நாலு மணிக்கு, தகரக் கொட்டகைக்குக் கீழே சேர்த்த பேஸ் இரவு ஒன்பது மணிக்கு அதே சுருதியில் இருக்காது. சூட்டில் உருக்குக் கம்பி நீள்கிறது, சுருதி இறங்குகிறது. குளிர்ந்ததும் ஏறுகிறது. பேஸை மேடைக்குக் கொண்டுபோய்ப் பையிலிருந்து எடுத்து வைத்து, கால் மணித்தியாலம் கழித்துச் சேருங்கள். புதுக் கம்பி என்றால் அதற்கு முன்பே கையால் இழுத்து இழுத்துத் தளரவிட்டிருக்க வேண்டும். கச்சேரி நாளில் புதுக் கம்பி மாட்டாதீர்கள்.

[திரையில்: ரியூனரின் திரை. 440 என்ற எண்.]

கடைசியாக, அந்தத் தேவாலயத்தில் எனக்குத் தெரியாமல் போன ஒரு விசயம். பல ரியூனர்களில் இந்த 440 என்ற எண்ணை மாற்றலாம். ஆர்மோனியக்காரரிடம் ஏயைப் பிடிக்கச் சொல்லுங்கள், ரியூனரைப் பக்கத்தில் வைத்து, முள் நடுவில் வரும்வரை எண்ணைக் கூட்டிக் குறையுங்கள். 443, 444, 445. இப்போது உங்கள் ரியூனர் அந்த ஆர்மோனியத்தின் கணக்கில் அளக்கிறது. நாலு கம்பியையும் சேருங்கள். அப்புறம் திரையைப் பார்க்காமல் ஒரு தடவை கேளுங்கள். ஏ கம்பியின் ஐந்தாவது பிரெட் ஹார்மோனிக், ஆர்மோனியத்தில் அதே உயரத்து ஏ. 440இல் சேர்த்த பேஸ் என்றால், அந்தத் தேவாலயத்தில் இரண்டு விநாடிக்கு ஐந்து தடவை விம்மியிருக்கும்.

[திரையில்: ஆர்மோனியத்தின் மேல் ஒரு கை, பேஸில் ஒரு கை. ஒலி விம்மாமல் நேராக நிற்கிறது.]

இப்போது விம்மவில்லை. ஆர்மோனியக்காரர் தலையாட்டுகிறார். ஒன்று, இரண்டு, மூன்று…