கிளாஸ் கணக்கும் மில்லி கணக்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

'அன்றாடம் குடிப்பவர் அளவறிந்து குடிக்கிறாரா, அறியாமல் அளவை மீறுகிறாரா?' இதுதான் தலைப்பு. அறியாமல்தான் மீறுகிறார் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர் அடித்துச் சொன்னார்: "தினமும் ரெண்டே பெக். அதுக்கு மேல தொடமாட்டாங்க. இது அளவு இல்லையா?" சரி, அந்த ரெண்டு பெக்கையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் 2016இல் சொன்ன வரம்பு, வாரத்துக்கு 14 யூனிட். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதேதான். ஒரு யூனிட் என்பது 10 மில்லி தூய ஆல்கஹால். ஆக, வாரத்துக்கு 140 மில்லி. 40 சதவீத விஸ்கியில் 30 மில்லி சின்ன பெக் ஒன்றை எடுத்தால், அதில் ஆல்கஹால் 12 மில்லி. தினம் ரெண்டு என்றால் 24. ஏழு நாளைக்கு 168. வரம்பு தாண்டிப் போய்விட்டதே ஐயா! அதுவும் சின்ன பெக்கில். 60 மில்லி பெரிய பெக்காக ஊற்றினால் 336. வீட்டில் எத்தனை பேர் அளந்து ஊற்றுகிறார்கள்? கண் மதிப்புதானே!

"எனக்கு பீர் மட்டும்தான், அதுவும் ஒண்ணே ஒண்ணு" என்பவர் இருக்கிறார். 500 மில்லி டின், 5 சதவீதம் என்றால் வாரத்துக்கு 175 மில்லி. அதே டின் 8 சதவீத ஸ்ட்ராங் பீராக இருந்தால் 280. 140 மில்லி வரம்பைப் போலச் சரியாக இரண்டு மடங்கு! அவர் கணக்கில் இரண்டுமே ஒரு பீர்தான். அவர் எண்ணுவது டின்னை. கல்லீரலுக்குப் போவது ஆல்கஹால்.

அப்புறம், வாரக்கடைசியில் மட்டும் குடிப்பவர். ஆறு நாள் தொடாததால் ஏழாம் நாள் மொத்தத்தையும் குடிக்கலாம் என்று எந்த வழிகாட்டலும் சொல்லவில்லை. 14 யூனிட் வரை குடிப்பவர், அதை மூன்று நாளுக்காவது பிரித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அதே பிரிட்டன் வழிகாட்டல்தான்.

"தள்ளாடுவதில்லை, மறுநாள் வேலைக்கும் போகிறார்" என்றார் இன்னொரு நண்பர். என்னை மிகவும் கவலைப்பட வைத்த வாதம் இது. தொடர்ந்து குடிப்பவரின் மூளை போதைக்குப் பழகிவிடுகிறது. அதனால் தள்ளாட்டம் குறைகிறது. ஆனால் கல்லீரலுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. நிதானமாக நிற்பதாலேயே அவர் கூடுதலாக ஊற்றிக்கொள்கிறார்.

நாட்டுக்கு நாடு வரம்பு மாறுகிறதே என்று கேட்டீர்கள். மாறுகிறது. எந்தப் பக்கம் மாறுகிறது என்று பாருங்கள். பிரிட்டனில் ஒரு காலத்தில் ஆண்களுக்கு 21 யூனிட், இன்று 14. கனடாவில் 2023இல் வந்த வழிகாட்டல், வாரத்துக்கு 2 டிரிங்க் வரைதான் ஆபத்து குறைவு என்கிறது. அங்கே ஒரு டிரிங்க் என்பது சுமார் 17 மில்லி தூய ஆல்கஹால். மது புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988லேயே வகைப்படுத்திவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது.

நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் "அளவாக" என்று சொல்லும்போது, அது வாரத்துக்கு எத்தனை மில்லி ஆல்கஹால் என்று ஒரே ஒரு எண்ணைச் சொல்லட்டும். அதைக் கேட்டபின் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.