அல்ட்ரா ப்ராசஸ்டு அமெரிக்காக்காரன் கிளப்பிவிட்டதா? யார் சொன்னது!

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கடைக்குப் போகவில்லை, பாக்கெட்டைத் திருப்பிவைத்துப் படிக்கும் நம் வழக்கமான வேலையும் கிடையாது. கொஞ்சம் கடுப்பில் இருக்கிறேன், அதை இறக்கிவைத்தால்தான் மறுவேலை ஓடும். போன வீடியோவுக்கு, அதுதான் அந்த ஓட்ஸ் பிஸ்கட் வீடியோ, ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார்: "அக்கா, இந்த அல்ட்ரா ப்ராசஸ்டு கதையெல்லாம் அமெரிக்காக்காரன் கிளப்பிவிட்டது, நமக்கு எதற்கு?" அதற்கு லைக் வேறு குவிந்து கிடக்கிறது. பின் செய்து வைத்திருக்கிறேன், போய்ப் பாருங்கள். ஆனால் அவரைத் திட்டாதீர்கள், பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வீட்டுச் சமையலறையில் இல்லாத சாமான்களைச் சேர்த்துத் தொழிற்சாலையில் செய்யும் உணவைத்தான் அல்ட்ரா ப்ராசஸ்டு என்கிறோம். அந்தப் பேச்சு கிளம்பிய இடம் அமெரிக்காவும் இல்லை, ஐரோப்பாவும் இல்லை. பிரேசில். அங்கே சாவ் பாவ்லோ பல்கலைக்கழகம் என்று ஒன்று, 1934இல் தொடங்கிய மாநில அரசுப் பல்கலைக்கழகம், படிக்கக் கட்டணமே கிடையாது. பிரேசிலில் வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது. அதன் பொதுச் சுகாதாரத் துறையில் கார்லோஸ் மொன்டெய்ரோ என்ற டாக்டர், முதலில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டைப் பற்றி ஆராய்ந்தவர். போகப் போக நாட்டில் பிரச்சினையே தலைகீழாக மாறுகிறது, உடல் பருமன் ஏறுகிறது. சரி, மக்கள் சர்க்கரையும் எண்ணெயும் நிறைய வாங்குகிறார்கள் போல என்று குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் புரட்டினால், வீட்டுக்கு வாங்கும் சர்க்கரை, எண்ணெய் எல்லாம் குறைந்திருக்கிறது! அரிசியும் பீன்ஸும்கூடக் குறைந்திருக்கிறது. ஏறியது எது தெரியுமா? பிஸ்கட்டும் குளிர்பானமும். 1974 முதல் 2003 வரையிலான கணக்கில் இந்த மாதிரிப் பொருள்கள் 400 சதவீதம் வரை கூடியிருப்பதாக 2005இல் அவர்கள் பல்கலைக்கழகத்து இதழிலேயே கட்டுரை வந்தது. அதாவது சர்க்கரை எங்கேயும் போகவில்லை, டப்பாவிலிருந்து பாக்கெட்டுக்குள் இடம் மாறிவிட்டது. எனக்கு இதைப் படித்ததும் எழுந்து நின்று கை தட்டலாம் போல இருந்தது.

அப்புறம்தான் 2009இல் அவர் ஒரு கட்டுரை எழுதுகிறார்: கொழுப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று சத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், அந்தப் பொருளை என்ன செய்திருக்கிறார்கள், எதற்காகச் செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள் என்று. அடுத்த வருடம் வகைப்பாடு வருகிறது. அதுதான் நோவா. அப்போது மூன்று குழு, பிற்பாடுதான் நான்கு ஆனது. காய், பருப்பு, பால் எல்லாம் முதல் குழு. எண்ணெய், உப்பு, சர்க்கரை இரண்டாவது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், இவ்வளவுதான் என்றால் அந்த ரொட்டி மூன்றாவது. அதே ரொட்டியில் எமல்சிஃபையர், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்துவைக்கும் சேர்மானம், ஒன்று சேர்ந்துவிட்டால் தூக்கி நான்காவதில் போட்டுவிடுவார்கள். அந்த நான்காவதுதான் அல்ட்ரா ப்ராசஸ்டு. நாம் பாக்கெட்டின் பின்பக்கத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் (ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் பொடி), ஃப்ளேவர் என்று தேடுகிறோமே, இந்த வீட்டுச் சமையலறையில் இல்லாத சாமானைத் தேடும் வித்தை, அதற்கு மூலம் இதுதான்.

இப்போது கடுப்பின் இரண்டாம் பாகம். நோவாவை விமர்சித்து வந்த ஒரு கட்டுரையையும் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று உட்கார்ந்தேன், ஒருதலைப்பட்சமாகப் பேசுகிறேன் என்று நீங்களே சொல்வீர்கள் இல்லையா. ஒரு பெரிய பதிப்பக சைட். தலைப்பு தெரிகிறது, சுருக்கம் தெரிகிறது, கீழே இறங்கினால் 39 டாலர். முப்பத்தொன்பது! நம் காசில் மூவாயிரத்துக்கு மேல். அதுவும் வாங்கி வைத்துக்கொள்ள இல்லை, 24 மணி நேரம் பார்க்கலாமாம். எட்டுப் பக்கம் மக்களே, அதில் ஒன்றரைப் பக்கம் மேற்கோள் பட்டியல். சரி தொலையட்டும் என்று கார்டைப் போட்டால் வெளிநாட்டுப் பரிவர்த்தனை ஆஃபில் இருக்கிறது. பேங்க் ஆப்பில் போய் அதை ஆன் செய்தால் ஓ.டி.பி. வரவில்லை, வந்தபோது இந்தப் பக்கம் நேரம் முடிந்துவிட்டது. அந்த மூவாயிரத்தில் எழுதியவருக்கு ஒரு பைசா போகாது, அது தெரியுமா உங்களுக்கு? இலவசமாகப் படிக்க விடுகிறோம் என்று சொல்லும் இதழ்களில் பல, எழுதுகிறவரிடம் வசூலிக்கும். நேச்சர் இதழ் 2021இல் அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. படிப்பவன் கொடு, இல்லையென்றால் எழுதுபவன் கொடு.

அந்தக் கோபத்தோடே போய் மொன்டெய்ரோவின் நோவா கட்டுரையைத் தேடினேன். சைஎலோ என்று ஒரு தளம். திறந்தது, பி.டி.எஃப். இறங்கியது, முடிந்தது. லாகின் இல்லை, கார்டு இல்லை, "உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுங்கள்" என்ற அந்த அசிங்கமான கட்டம் இல்லை. சாவ் பாவ்லோ மாநில ஆராய்ச்சி நிதியமான ஃபாபெஸ்ப் 1990களின் கடைசியிலேயே சேர்ந்து உருவாக்கிய தளம் அது, ஆய்வுகளை எல்லாரும் இலவசமாகப் படிக்க விட வேண்டும், அதாவது ஓப்பன் ஆக்சஸ், என்று உலகம் மாநாடு கூட்டுவதற்கு முன்பே. சாவ் பாவ்லோ பல்கலைக்கழகத்தின் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் 2001 முதல் தனித் தளத்தில் இலவசமாக ஏறிக்கொண்டிருக்கின்றன. போர்ச்சுகீஸ் தெரியாதே என்று கவலைப்படாதீர்கள், பெரும்பாலானவற்றில் ஆங்கிலச் சுருக்கம் இருக்கும்.

அட, இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று சொல்லவே இல்லையே! எனக்கு மிகவும் பிடித்த பகுதியே அதுதான். அந்த மாநிலத்தில் பொருள் வாங்கும்போது கட்டும் விற்பனை வரியில், மாநிலத்தின் பங்கிலிருந்து 9.57 சதவீதம் நேராக மூன்று மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிறது. அதில் ஐந்து சதவீதத்துக்குச் சற்று மேல் இவர்களுக்கு. அப்படியென்றால் யோசித்துப் பாருங்கள், சாவ் பாவ்லோவில் ஒருவர் கோலாவும் சிப்ஸும் வாங்கினால் அந்த வரியில் ஒரு துளி, "கோலாவும் சிப்ஸும் வேண்டாம்" என்று எழுதுகிறவரின் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்கிறது. இதை நான் இரண்டு நாளாக வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

இன்னொன்று, 2014இல் பிரேசில் சுகாதார அமைச்சகம் மொன்டெய்ரோவின் குழுவோடு சேர்ந்து மக்களுக்கான உணவு வழிகாட்டி போட்டது. அரசாங்க வழிகாட்டி என்றாலே கிராம் கணக்குப் பட்டியலாக இருக்கும் என்று நினைத்தேன். இதில் தட்டின் படம்தான் இருக்கிறது. சோறு, பீன்ஸ், பக்கத்தில் கீரை. காலை உணவுக்குப் பால் காபி, மக்காச்சோள கூஸ்கூஸ், ஒரு மாம்பழம். பிரேசில்காரர்களிலேயே பாக்கெட் உணவைக் குறைவாகச் சாப்பிடுகிறவர்கள் நிஜமாகவே சாப்பிட்ட வேளைகளிலிருந்து எடுத்தவை. கூடி உட்கார்ந்து சாப்பிடுங்கள், விளம்பரத்தை நம்பாதீர்கள் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். 2020இல் அந்த நாட்டு வேளாண் அமைச்சகமே இந்த வகைப்பாட்டைத் தாக்கி, வழிகாட்டியை மாற்ற வேண்டும் என்று குறிப்பு அனுப்பியது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் ஆய்வாளர்கள் பொங்கிவிட்டார்கள். வழிகாட்டி அப்படியே நின்றது.

கமெண்ட் போட்டவருக்கு ஒரு தகவல், அமெரிக்கா வருகிறது, ஆனால் பத்து வருடம் கழித்து. 2019இல் அவர்களின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் அல்ட்ரா ப்ராசஸ்டு, இரண்டு வாரம் சாதாரணச் சாப்பாடு, வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று விட்டார்கள். இரண்டிலும் கொடுத்த சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. முதல் வகையில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போனது. இருபதே பேர்தான், குறைந்த நாள்தான், ஒத்துக்கொள்கிறேன். முழுத் தானிய பாக்கெட் ரொட்டியையும் கோலாவையும் ஒரே குழுவில் போடுவது எனக்கும் முழுச் சம்மதம் இல்லை, விமர்சிப்பவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக அந்த ஓட்ஸ் பிஸ்கட்டுக்கு மன்னிப்புக் கிடையாது.

லிங்க் எல்லாம் கீழே இருக்கிறது. வழிகாட்டி ஆங்கிலத்திலும் கிடைக்கிறது, காசு கேட்டால் தப்பான சைட்டில் இருக்கிறீர்கள், வெளியே வந்துவிடுங்கள். அடுத்த வீடியோ புரோட்டீன் பார். அதற்கு எனக்குத் தனியாக ஒரு மணி நேரம் வேண்டும்.